படம் பிடிப்பதும் பிறர் மானமும்



நமது பங்கு வாலிபர் சிலர் ஒரு விண்ணப்பத்தோடு வந்திருக்கிறார்கள். வருகிற திருநாளையொட்டி, ஊரப்பாக்கத்திலும் சுற்றுப்புறத்திலும் பாடுபட்டுப் பிழைக்கிற மனிதர்களைப் படம் பிடித்து, அவரவர் கதையை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்து, கோவில் முற்றத்தில் திரை கட்டிக் காட்டவேண்டுமென்பது அவர்கள் ஆசை. வீட்டு வேலைக்காக விடியற்காலை ரயில் பிடித்து ஓடுகிற தாய்மார், ஜி.எஸ்.டி. சாலையோரம் இரவு இட்லிக் கடை போடுகிறவர்கள், குப்பை வண்டி தள்ளுகிறவர்கள், தென் மாவட்டங்களிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கி இன்று பேரன் பேத்தி கண்டவர்கள் என்று ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பட்டியல்.

செய்தி வெளியே பரவியதும் பங்கில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "சாமி, குடும்பத்துக் கஷ்டத்தை வெள்ளைத் துணியில் போட்டு ஊருக்குக் காட்டுவதா? மானம் போய்விடாதா?" என்கிறார்கள் பெரியவர்கள். "உள்ளதை உள்ளபடி காட்டுவதில் என்ன பாவம்?" என்கிறார்கள் மற்றவர்கள். இரு கட்சியார் சொல்லிலும் சத்தியம் இருக்கிறது. ஆகையால்தான் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் இதைத் தீர்த்துவைக்க இயலவில்லை. இந்த வாரத் தாளில் எழுதுகிறேன்.

பெரியவர்கள் கட்சியை முதலில் பார்ப்போம். வேதாகமத்தின் முதற் புத்தகத்திலே நோவேயின் கதை வருகிறது. ஜலப்பிரளயத்துக்குத் தப்பிய அந்த நீதிமான் திராட்சைத் தோட்டம் வைத்து, ரசத்தைக் குடித்து, அறிவு மயங்கி, தன் கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடந்தான். மகன்களில் ஒருவனாகிய காம் அதைப் பார்த்தான். பார்த்ததோடு நில்லாமல் வெளியே வந்து சகோதரருக்குச் சொன்னான். மற்ற இருவரும் ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னாகவே நடந்து போய்த் தகப்பனை மூடினார்கள். காம் சொன்னது பொய்யல்ல என்பதைக் கவனியுங்கள். உள்ளதை உள்ளபடியேதான் சொன்னான். அன்று அவன் கையில் காமிரா இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதை இந்நாளைய வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பிறர்மேல் இல்லாத குற்றத்தைக் கட்டிச் சொல்வது ஒரு பாவம். அவரிடம் இருக்கிற குறையைத் தக்க காரணமில்லாமல் வெளிப்படுத்துவது வேறொரு பாவம் என்று நமது ஞானோபதேசம் பிரித்துக் காட்டுகிறது. முன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறவர்கள் உண்டு. பின்னதையோ பாவமென்றே பலர் எண்ணுவதில்லை. "நான் இல்லாததையா சொன்னேன், சாமி?" என்பதே பதிலாக வரும். அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதைத் தராசில் வைத்து நிறுத்து, கொலையைக் காட்டிலும் இது சிறியது, களவைக் காட்டிலும் பெரியது என்று முடிவு கூறுகிறார். பொருளைவிட நற்பெயர் மேலானது என்பது அவர் சொல்லும் காரணம். அயலான் வீட்டு அண்டாவைத் தூக்கிவரக் கூசுகிற நாம், அவன் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூசுகிறோமா?

இத்தோடு நிறுத்தினால் பெரியவர்களுக்கே வெற்றி. ஆனால் சுவிசேஷத்தைத் திறந்தால் வேறொரு காட்சி எதிர்ப்படுகிறது. அர்ச். லூக்காஸ் எழுதிய பதினாறாம் அதிகாரத்திலே நமது ஆண்டவர் பணக்காரனுடைய வாசற்படியில் கிடந்த லாசரைப்பற்றிச் சொல்கிறார். எப்படிச் சொல்கிறார்? அவன் சரீரமெங்கும் புண். நாய்கள் வந்து அந்தப் புண்ணை நக்குகின்றன. மேஜையிலிருந்து விழும் துணுக்குகளுக்கு அவன் ஏங்குகிறான். இதைவிட அப்பட்டமாக எந்தக் காமிராவாலும் காட்ட முடியாது. காமை வேதாகமம் கண்டித்திருக்க, சேசுநாதர் சுவாமி ஓர் ஏழையின் புண்ணை ஊரறியத் திறந்து காட்டுவானேன்?

வித்தியாசம் இதுவென்று நான் நினைக்கிறேன். நோவேயின் நிர்வாணம் அவனுடைய சொந்தப் பலவீனம். அதை மூடுவது தருமம். லாசரின் புண்ணோ அந்தப் பணக்காரனுடைய குற்றத்துக்குச் சாட்சி. அதை மூடிவைத்தால் காப்பாற்றப்படுவது லாசரின் மானமல்ல. மெத்தையில் சாய்ந்து விருந்துண்டவனுடைய மானந்தான். இன்னொன்றையும் பாருங்கள். அந்த உவமையிலே ஏழைக்குப் பெயர் உண்டு, பணக்காரனுக்குப் பெயர் இல்லை. நமது பத்திரிகைகள் இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. தையல் இயந்திரம் கொடுத்தவருடைய பெயர் பட்டத்தோடு அச்சாகிறது. வாங்கிக்கொண்டவள் "ஓர் ஏழைப் பெண்".

இதற்கு உதாரணம் தேடி யூதேயாவுக்குப் போகவேண்டியதில்லை. மதுரையில் மீன் விற்ற ஒரு தாயின் மகனாகப் பிறந்தவர் பழனி குமார் என்ற புகைப்படக்காரர். 2017-ம் ஆண்டு திவ்யபாரதி என்பவர் இயக்கிய "கக்கூஸ்" என்ற ஆவணப் படத்துக்குக் காமிரா பிடித்தவர் இவரே. கையால் மலம் அள்ளுகிற, கழிவுநீர்க் குழிக்குள் இறங்குகிற மனிதர்களைப்பற்றிய படம் அது. அவ்வேலைக்கு ஆள் வைப்பதை 1993-ல் ஒரு சட்டமும், 2013-ல் அதைவிடக் கடுமையான மற்றொரு சட்டமும் தடை செய்திருந்தன. 1993 முதல் குழிக்குள் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2014 மார்ச்சு 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20-ல் அதே மன்றம் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது, சாவும் இருக்கிறது. நடக்கவில்லை என்று சொல்லப்பட்ட ஒன்றை நடக்கிறதென்று அந்தப் படம் காட்டிற்று. அதைத் திரையிடப் பல இடங்களில் தடை வந்தது. பிறகு இணையத்தின் வழியாக ஜனங்கள் பார்த்தார்கள்.

குழிக்குள் மாண்டவர்களுடைய வீடுகளுக்கும் இழவுக்கும் பழனி குமார் போனார். அங்கே தகப்பனை இழந்து நிற்கிற பிள்ளைகளைப் படமெடுத்தார். இழவு வீட்டில் காமிராவோடு நிற்பதென்றால் நமக்குக் கூசும், கூசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணீர் யாருடைய குற்றத்துக்குச் சாட்சி? நமது பேட்டைகளில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் உண்டு. கழிவுநீர் லாரி வந்து குழாயை இறக்கும்போது நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். குழாயைப் பிடித்திருந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தோமா? கொடுத்திருந்தால் எந்தத் தம்ளரில்? அவர் பெயர் நம்மில் எவருக்குத் தெரியும்? இந்த வேலை இன்னின்ன குலத்தாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்திருக்கிற நாட்டில் நாம் வாழ்கிறோம். கோவிலுக்குள் அந்தப் பேதம் நுழையவில்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்படிப்பட்ட காரியத்தில் மானம், மானம் என்று சொல்லி மூடுகிற போர்வை நோவேயின் பிள்ளைகள் சுமந்த போர்வையல்ல.

பத்திரிகையாளர் சாயிநாத் 2014 டிசம்பரில் தொடங்கிய "பாரி" என்ற கிராமிய இந்தியாவின் ஆவணக் களஞ்சியத்துக்காகவும் பழனி குமார் படமெடுத்திருக்கிறார். இராமநாதபுரம் கடற்கரையிலே கடற்பாசி எடுக்கிற பெண்களை அவர் எடுத்த படங்கள் அதிலே இருக்கின்றன. பாறை கிழிக்காதபடி விரல்களில் துணிக் கந்தலைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்குகிறவர்கள் அவர்கள். அப்படங்களில் அவர்கள் பரிதாபத்துக்குரிய பிராணிகளாக அல்ல, தொழில் தெரிந்த மனுஷிகளாக நிற்கிறார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். 2022-ல் தயானிதா சிங் பெயரால் பாரி வழங்கிய முதல் ஆவணப் புகைப்பட விருது இவருக்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. துப்புரவுத் தொழிலாளர், மீனவர் ஆகியோருடைய பிள்ளைகளிடம் இவர் காமிராவைக் கொடுத்துப் படம் பிடிக்கக் கற்றுத் தருகிறார். இதுவரை பார்க்கப்பட்டவர்களாகவே இருந்தவர்கள் பார்க்கிறவர்களாகிறார்கள். பிறர் முகத்தை விற்றுப் பிழைக்கிறவன் தன் காமிராவை அவர்கள் கையில் கொடுப்பானா?

ஆகையால் கேள்வி, காட்டலாமா கூடாதா என்பதல்ல. ஒருவனுடைய முகத்தை நாம் படத்தில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த முகம் அவனுடையதே. நம்மிடம் இருப்பது அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளை வைத்திருக்கிறவன் அதை விற்கலாமா, அடகு வைக்கலாமா, உடையவன் கேட்கும்போது இல்லையென்னலாமா?

"சாமி, கேட்டுக்கொண்டுதானே எடுக்கிறோம்!" என்று வாலிபர்கள் சொல்வது காதில் விழுகிறது. இங்கேதான் நன்றாக யோசிக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் முழுகியதை நம்மில் பலர் மறக்கமாட்டோம். எங்கெங்கிருந்தோ நல்ல மனிதர்கள் அரிசியும் ரொட்டியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சர்வேசுரன் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் அக்காலத்துப் படங்களை இப்போது எடுத்துப் பாருங்கள். ஒரு பை, அதைப் பிடித்திருக்கிற கைகள் பத்து, நடுவில், பையை இன்னும் பெறாத ஒரு முகம். காமிராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார்கள். அது சம்மதமா? இரண்டு நாள் பட்டினி கிடந்த பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவள், படம் வேண்டாம் என்று சொல்லக்கூடுமா?

மெய்விவாக விசாரணைக்கு வருகிற பெண்ணைத் தனியே வைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று நாங்கள் கேட்கிறோம். பயமுறுத்தி வாங்கிய சம்மதத்தால் விவாகம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். ஏன்? மாட்டேன் என்று சொல்லக் கூடாதவளுடைய "சரி" சரியாகாது. பசியும் ஒரு பயமுறுத்தல்தான். கடனும் அப்படியே. ஏன், "சாமியே சொல்லி அனுப்பினார்" என்று வாலிபர்கள் போய் நின்றால் அதுவும் அப்படியே ஆகும்! நமது வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுக்கிற வீட்டில் போய்க் காமிராவை நீட்டினால், அந்த வீட்டார் மாட்டோமென்று சொல்லமாட்டார்கள். ஆகையால் அங்கே கேட்கவே கூடாது.

சிலுவைப் பாதையின் ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாளை நினைக்கிறோம். புகைப்படக்காரர்கள் அவளைத் தங்கள் பாதுகாவலியாக வைத்திருக்கிறார்கள். அவள் கதை சுவிசேஷத்தில் எழுதப்பட்டதல்ல, பாரம்பரியமாக வந்தது. ஆனாலும் பாருங்கள்: அவள் படம் பிடிக்க வந்தவளல்ல. இரத்தமும் வேர்வையும் வழிகிற முகத்தைத் துடைக்கவே துணியோடு சேவகர்களுக்கு நடுவே புகுந்தாள். முகத்தின் சாயலை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தாமே கொடுத்தார்.

குறையைக் காட்டுவதில் மட்டுமல்ல, அழகு செய்து காட்டுவதிலும் ஆபத்து உண்டு. இதற்கு நமது பீடத்திலேயே சாட்சி இருக்கிறது. ரோஜா மலர்களையும் பாடுபட்ட சுரூபத்தையும் மார்போடு ஏந்தி நிற்கிற அர்ச். குழந்தை தெரேசம்மாள் படத்தை அறியாதவர் நம்மில் யார்? அது அவளுடைய தமக்கை செலின் கையால் வரைந்த படம். இந்த செலின் 1894-ல் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது ஒரு காமிராவையும் கொண்டுபோனாள். கன்னியாஸ்திரிகள் துணி துவைப்பதையும், வைக்கோல் உலர்த்துவதையும், கூடி உட்கார்ந்திருப்பதையும் படமாக எடுத்தாள். அக்காலத்துக் காமிராவுக்குப் பல விநாடிகள் அசையாமல் நிற்கவேண்டும். தன் சமூகத்தைத் தானே படம் பிடித்தவர்களில் செலினும் ஒருத்தி எனலாம்.

1897 செப்டம்பர் 30-ல் தெரேசம்மாள் இருபத்துநான்கு வயதில் மரித்தாள். உண்மைப் படங்களில் தங்கையின் முகம் சரியாக விழவில்லையென்று செலினுக்குத் தோன்றிற்று. படங்களைத் திருத்தினாள், மெருகிட்டாள், புதிதாக வரைந்தாள். உலகெங்கும் பரவியது அந்த முகமே. செலின் 1959-ல் இறந்தாள். திருத்தப்படாத படங்கள் 1961-ல் புத்தகமாக வெளிவந்தன. கன்னங்கள் உருண்டு, தாடை உறுதியாக, நேரே நம்மைப் பார்க்கிற ஒரு பெண் அவற்றில் இருக்கிறாள். செலின் செய்தது அன்பினால்தான். ஆனால் சர்வேசுரன் கொடுத்த முகம் போதாது என்று எண்ணுகிற அன்பு அது. நமது பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் கறுப்பு முகத்தை ஒரு விநாடியில் வெளுக்கச் செய்கிற வித்தை இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுவே ஞாபகம் வருகிறது. (புது நன்மை வாங்குகிற குழந்தை, தேவநற்கருணையை நோக்காமல் மாமாவின் காமிராவை நோக்குகிற காட்சியைப்பற்றித் தனியே எழுதவேண்டும்.)

அதே மடத்திலிருந்து இன்னொரு படத்தின் கதை. 1895-ல் கன்னியாஸ்திரிகள் தங்களுக்குள் நடித்த ஒரு நாடகத்தில் தெரேசம்மாள் அர்ச். ஜோன் ஆர்க்கம்மாளாக வேடமிட்டாள். சிறையில் சங்கிலியோடு இருக்கிற அவ்வேடத்தில் செலின் அவளைப் படமெடுத்தாள். மடத்துக்குள் ஒரு விளையாட்டு, அவ்வளவே. அக்காலத்திலே லியோ தாக்ஸில் என்ற ஒருவன், சாத்தானின் சபையிலிருந்து மனந்திரும்பியதாக ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, ஐரோப்பாவின் கத்தோலிக்கரைப் பல ஆண்டுகள் ஏமாற்றிவந்தான். இல்லாத அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக மடத்திலிருந்து இந்தப் படம் அனுப்பப்பட்டது. 1897 ஏப்ரல் 19-ல் பாரீசில் கூட்டம் கூட்டித் தன் மோசடியைத் தானே அறிவித்த தாக்ஸில், அங்கே திரையில் காட்டியது இந்தப் படத்தையே. மரணப் படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி, தான் அறியாத ஒரு மண்டபத்தில் நகைப்புக்கிடமாக வைக்கப்பட்டாள். அனுப்பியவர்களிடம் தீய எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் கையைவிட்டுப் போன படம் யார் கையில் சேரும் என்பது அனுப்புகிறவர் வசத்தில் இல்லை. அன்று ஒரு படம் தபாலில் போனது. இன்று ஒரு விரல் பட்டால் போதும்.

வாலிபர்களுடைய விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன். படம் எடுக்கலாம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கு விடுத்த மடலில், செய்தி சொல்கிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதாமல் ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தார். நமது பிள்ளைகள் போகட்டும். ஆனால் முதல் தடவை காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். எடுத்ததை முற்றத்தில் காட்டுமுன் எடுக்கப்பட்டவர் வீட்டில், அவர் வீட்டாரோடு, அவருக்கே முதலில் காட்டவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் வரை எவரும் வேண்டாமென்று சொல்லலாம். சொன்னால் காரணம் கேளாமல் நீக்கிவிடவேண்டும். குடியும் சண்டையும் உள்ள வீடுகளில் பிள்ளைகளைப் பேசவைக்கக் கூடாது. படம் பிடிக்கப்பட்டவர்களுக்கெல்லாம் ஒரு நல்ல பிரதி, தாளில் அச்சிட்டு, வீட்டில் மாட்டும் அளவில் கொடுக்கவேண்டும். அதன் செலவைப் பங்கு ஏற்கும். திரையில் காட்டியதை எவரும் கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பாதபடி பார்த்துக்கொள்வது மரியபிள்ளைகள் சபையாரின் பொறுப்பு.

பட்டியலில் ஒரு குறை கண்டேன். கழிவுநீர் லாரியில் வருகிறவர் ஒருவர்கூட அதில் இல்லை. விசாரித்தபோது, "அவர்கள் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்ல, சாமி" என்றார்கள். லாசர் எந்தப் பங்கைச் சேர்ந்தவன் என்று சுவிசேஷத்தில் எழுதியிருக்கவில்லை. நமது தெருக்களுக்கு வருகிறவர்களில் எவருடைய பெயரையாவது அறிந்த குடும்பத்தார், அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் வாலிபர் சபைச் செயலாளரிடம் தெரிவிக்கவும். பெயர் அறியாதவர்கள், அடுத்த முறை லாரி வரும்போது கேட்டுவைத்துக்கொண்டு வரவும்.

உங்கள் பங்குக் குரு